மெரிலியாவின் குப்பி நின்ற இடம்

எங்கள் வடிசாலையில் அடுப்பு என் பொறுப்பு. பதினேழு வருஷமாக விறகு தள்ளி இரண்டு புருவமும் பொசுங்கிப்போன ஆள் நான். வெட்டிவேர் எண்ணெய் என்பது நெருப்பின் வேலை, மற்றவர்களெல்லாம் பக்கத்தில் நின்று பேர் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் நெடுநாளாக என் எண்ணம். அந்தக் கடுப்பில் பாதி மெரிலியாவுக்குப் போகும். நான் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு பீப்பாய் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பெயர் வேலை.

அவளுடைய மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் அவள் எனக்குக் கொம்மே, நான் அவளுக்குக் கொம்பே. இந்த உறவு வந்துவிட்டால் எங்கள் மலையில் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"கொம்மே, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறியே, பீப்பா எந்திரிச்சு ஓடிடுமா?" என்பேன்.

"நீ அடுப்பப் பாரு கொம்பே. உன் மீசைதான் அடுத்தது" என்பாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அவள் பார்த்த வேலை இதுதான். வேரின் ஊடே போன நீராவி குளிர்ந்து, தண்ணீரும் எண்ணெயும் கலந்து ஒரு உயரமான இரும்புப் பீப்பாயில் விழும். எண்ணெய் மேலே ஏறும், தண்ணீர் கீழே தங்கும். தண்ணீர் நிறைந்ததும் அடிக் குழாயைத் திறந்து ஓடையில் விட வேண்டும். சரியான நேரத்தில் மூட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் தண்ணீருக்குப் பின்னாலேயே எண்ணெயும் போய்விடும். ஊரே ஒரு வருஷம் வளர்த்த வேர் அந்த ஒரு மூச்சில் இருக்கிறது. இரும்புக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது. அதிலும் வெட்டிவேர் எண்ணெய் மகா அழுத்தக்காரன். தண்ணீருக்கும் அதற்கும் கனத்தில் மயிரிழைதான் வித்தியாசம். மேலே ஏறுவதற்கே யோசித்து யோசித்துத்தான் ஏறும்.

மெரிலியா வருவதற்கு முன்பு அந்த முக்காலியில் இருந்தவர்கள் விரலால் தொட்டு, தேய்த்து, முகர்ந்து, குத்துமதிப்பாக மூடினார்கள். எத்தனை எண்ணெய் ஓடையில் போனதோ, நண்டுகளுக்குத்தான் தெரியும்.

அவள் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவள். லெ கே பட்டணத்தில் ஒரு மருந்துக் கடையில் மூன்று வருஷம் சீசா கழுவினாள். புருஷன் எல்லை தாண்டிக் கட்டட வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். மகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்தாள். வந்த முதல் மாதமே அந்தப் பீப்பாய்க்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று. அதற்குள் ஆற்று மணல். ரப்பர் மூடிமேல் ஒரு நீள ஈர்க்கு குத்தி நிமிர்ந்து நின்றது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த மணலை அவள் போட்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் குப்பி தண்ணீரிலும் முங்கிவிடும். கொஞ்சம் குறைந்தால் எண்ணெய்மேலேயே மிதக்கும். எண்ணெயில் முங்க வேண்டும், தண்ணீரில் மிதக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டும். நாலு நாள் உட்கார்ந்து, ஊசி முனையால் மணலை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான் வாய் ஓயாமல் கேலி செய்தேன். ஐந்தாம் நாள் குப்பி எண்ணெயைத் துளைத்துக்கொண்டு இறங்கி, நடுவில் நின்றது. ஈர்க்கின் நுனி மட்டும் பீப்பாய் மூடியின் துளை வழியாக வெளியே தெரிந்தது. உள்ளே தண்ணீர் ஏறினால் ஈர்க்கு ஏறும். தண்ணீரை விட்டால் ஈர்க்கு இறங்கும். ஈர்க்கில் கரியால் போட்ட கோடு மூடியைத் தொட்டதும் குழாயை மூடிவிட வேண்டும். அந்த வருஷம் ஒரு பீப்பாய்க்கு அரை போத்தல் எண்ணெய் கூடுதலாக வந்தது. என் கேலியும் அரைவாசி குறைந்தது.

அவள் அதோடு நின்றிருந்தால் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் வேரைப் பத்து மாதத்தில் தோண்டிவிடுவது வழக்கம். அதற்குமேல் மண்ணில் விட்டுவைக்க யாருக்கும் நெஞ்சு துணியாது. புயல் வரும், பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும், யாராவது சாவார்கள். ஆனால் முற்றிய வேர் எப்போதாவது தப்பித் தவறி அடுப்புக்கு வந்தால் அதன் எண்ணெயின் வாசமே வேறு என்று மெரிலியா கவனித்திருந்தாள். வேர்க்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

"பதினெட்டு மாசம் விடுங்க. பத்து மாசத்துல தோண்டுறது பால் பல்லு பிடுங்கற மாதிரி. விட்டா மூணு கேலன் எடுக்கலாம். இப்ப ரெண்டு எடுத்துட்டுப் பெருமை பேசிட்டிருக்கோம்."

"வயித்துக்கு யாரு சொல்றது, பதினெட்டு மாசம் பொறுத்துக்கன்னு? நீ சொல்றியா?" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது.

சிரிக்காதவர் கிளெர்வோ ஒருத்தர்தான். அறுபது வயது. ஊரில் அவரோடு சண்டை போடாத வீடு கிடையாது. சேவல் சண்டையில் தோற்றால் சேவலையே பழிப்பார். அவருடைய வேர் அப்போது பத்து மாதம் நிரம்பி நின்றது.

"என்னோடத விடறேன். எட்டு மாசம்தான? இந்தப் புள்ள சொல்றது பொய்யின்னா அவ முக்காலிய அடுப்புல வச்சிருவேன்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குப் பாதிக் காரணம் பக்கத்து வயல்காரனைக் கடுப்பேற்றுவது. ஆனால் சொன்னபடி விட்டார். அந்த எட்டு மாதமும் மெரிலியா வீடு வீடாக ஏறி இறங்கினாள். புதிதாக நட்டவர்களிடம், நட்டு இரண்டு மூன்று மாதம் ஆனவர்களிடம், "கிளெர்வோ மாமாவோடது எப்படி வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்று கெஞ்சினாள். நாற்பது குடும்பம் ஒப்புக்கொண்டது. அவர்களில் பலருடைய வேருக்கு ஜனவரியில் பத்து மாதம், பதினொரு மாதம். வழக்கப்படி தோண்ட வேண்டிய வேர். தோண்டாமல், கிளெர்வோவின் பீப்பாயைப் பார்த்தபடி ஊர் உட்கார்ந்திருந்தது.

புத்தாண்டுப் பூசணிச் சூப்பு குடித்த அடுத்த வாரம் கிளெர்வோவின் சரிவில் கூட்டு வேலை. மேளம் அடித்து, சங்கு ஊதி, முப்பது பேர் வரிசை கட்டித் தோண்டினோம். வேரைப் பார்த்ததும் வாயைப் பிளந்தோம். பொன் நிறம், முழங்கை நீளம், கையில் எடுத்தால் கனம். கிளெர்வோ மண் ஒட்டிய வேரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஆடினார். அந்த மனிதர் ஆடி நான் பார்த்தது அன்றுதான்.

புதன்கிழமை வடித்தோம். வடகாற்று வீசி நல்ல குளிர். நான் என் அடுப்பை ராஜா மாதிரி வைத்திருந்தேன், அதில் குறை சொல்ல முடியாது. பீப்பாய் நிறைய நிறைய, மெரிலியாவின் ஈர்க்கு ஏறியது. அவள் அடிக் குழாயைத் திறந்தாள், இறங்கியது. மூடினாள். மறுபடி சீக்கிரமே ஏறியது. மறுபடி திறந்தாள். "இன்னிக்கு என்ன இவ்வளவு தண்ணி?" என்று ஒருதரம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நாள் முழுக்க அப்படியே போயிற்று. கடைசியில் எண்ணெயை வடித்து அளந்தார்கள். ஒரு கேலன். மூன்று இல்லை, இரண்டு கூட இல்லை.

கிளெர்வோவின் முகத்தில் ஈயாடவில்லை. கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை. கேலனைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மலை ஏறிப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தாலே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். முற்றினால் வேரில் சத்து செத்துவிடும் என்றார்கள் சிலர், என்னமோ முன்பே தெரிந்த மாதிரி. சங்கத் தலைவர் பெலிசேர் வாத்தியார் சனிக்கிழமை காலை கூட்டம் என்று சொல்லி அனுப்பினார். கூட்டத்துக்கு முன்பே முடிவு தெரியும். திங்கட்கிழமை நாற்பது குடும்பமும் பத்து மாத வேரைத் தோண்டித் தள்ளப்போகிறது. இனி யார் வந்து பொறுங்கள் என்று சொன்னாலும் இந்த மலையில் எடுபடாது.

வியாழக்கிழமை மெரிலியா ஆற்றில் துணி துவைத்தாள். முந்தின நாள் ஓடையில் இறங்கி நின்றதில் பாவாடை விளிம்பு நனைந்திருந்தது. சாதாரணமாக ஒரு சோப்பில் வாசம் போய்விடும். இரண்டு தரம் போட்டும் போகவில்லை. விளிம்பைப் பிழிந்தால் விரல் வழுக்கியது. துவைத்தது பாதி, துவைக்காதது பாதியாக எல்லாவற்றையும் கல்லின்மேல் போட்டுவிட்டு நேரே வடிசாலைக்கு வந்தாள். நான் சாம்பல் வாரிக்கொண்டிருந்தேன்.

"கொம்பே, வா" என்றாள்.

ஓடை வந்து தேங்கும் குழி ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் அள்ளினாள். சேற்றுத் தண்ணீர். ஒரு துணியில் வடிகட்டி, வெயிலில் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஜாடியின் மேல்பாதி தெளிந்தது. கீழே, தண்ணீருக்கும் கீழே, தேன் நிறத்தில் இரண்டு விரல்கடை.

"என்னது அது?"

"இரு."

ஒரு புதுக் குப்பியை எடுத்தாள். மணல் போட்டு ஜாடியில் விட்டாள். மிதந்தது. எடுத்து, துடைத்து, இன்னும் கொஞ்சம் மணல். மிதந்தது. இன்னும் கொஞ்சம். ஏழெட்டுத் தரம். அப்புறம் ஒரு சிட்டிகையில் பாதி போட்டாள். குப்பி தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது. இறங்கிக்கொண்டே வந்து, அந்தத் தேன் நிறத்தைத் தொட்டதும் நின்றுவிட்டது. அடிக்குப் போகவில்லை. தண்ணீர் தாங்காத குப்பியை அந்த எண்ணெய் தாங்கிப் பிடித்திருந்தது.

மெரிலியா ஜாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "முத்தின வேரு எண்ணெய் கொம்பே. கொஞ்சந்தான் லேசு, அது மேல ஏறிடுச்சு. மீதி தண்ணியைவிடக் கனம். அது அடியில போய்ப் படுத்துக்கிட்டு, தண்ணியை மேல தூக்குச்சு. என் பழைய குப்பி மேல எண்ணெயும் தண்ணியும் சேர்ற கோட்டத்தான் காட்டும், அதுக்கு இது எப்படித் தெரியும்? ஈர்க்கு ஏறுது, ஏறுதுன்னு நான் அடிக் குழாயத் திறந்தேன். திறந்து…"

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஊரில் முதல்முறையாக ஒருத்தர் பதினெட்டு மாதம் விட்டுவைத்த வேரின் அருமையான பாகத்தை, இவள் முக்காலி போட்டு உட்கார்ந்து, கவனமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விட்டிருக்கிறாள். பத்து மாத வேரையே வடித்துப் பழகிய ஊரில், எண்ணெய் முங்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அப்போது நான் சொன்னதை இங்கே மறைக்க நினைத்தேன். மறைத்தால் அவளைப் பற்றிச் சொன்னது பாதியாகிவிடும்.

"கொம்மே, வாயத் திறக்காத" என்றேன். "கண்டுபிடிச்சிட்டல்ல, போதும். சனிக்கிழமை கூட்டத்துல, குளிர் ஜாஸ்தி, குழாய்ல கசிவு, இன்னொரு தரம் வடிச்சுப் பாக்கலாம்னு சொல்லு. அடுத்த தரம் மூணு கேலன் எடுத்துக் காட்டு. எல்லாரும் உன்னத் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. கிளெர்வோவுக்குத் தெரிஞ்சா உன்ன இந்த மலையில இருக்க விடுவாரா?"

"கசிவா? எந்தக் குழாய் கசிஞ்சுது?"

"ஏதோ ஒண்ணு. யாரு வந்து பாக்கப் போறா?"

"அவரு எட்டு மாசம் பொறுத்தாரு" என்றாள். "வேரு மோசம்னு நெனச்சுக்கிட்டுக் கிடக்காரு. அத எப்படி விடறது?"

சனிக்கிழமை தேவாலய முற்றத்தில் கூட்டம். பாதிப் பேர் மண்வெட்டியோடே வந்திருந்தார்கள், கூட்டம் முடிந்ததும் நேரே சரிவுக்குப் போகிற உத்தேசம். திங்கட்கிழமை வரைகூடப் பொறுக்க ஆளில்லை. கிளெர்வோ கடைசி வரிசையில், ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பெலிசேர் வாத்தியார் தொண்டையைச் செருமுவதற்குள் மெரிலியா முன்னால் போய் மேசைமேல் ஜாடியை வைத்தாள். ஓடையில் அள்ளிய கனத்த எண்ணெய் அடியில், நடுவில் தண்ணீர், மேலே புதன்கிழமை எடுத்த லேசான எண்ணெய். இரண்டு குப்பியையும் விட்டாள். ஒன்று மேல் கோட்டில் நின்றது. மற்றொன்று இறங்கி, கீழ்க் கோட்டில் நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பின்வரிசை அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"வேர் மேல தப்பில்ல" என்றாள். "மூணு கேலன் வந்துச்சு. கூடவும் இருக்கலாம். ஒண்ணத்தான் நீங்க பாத்தீங்க. மீதி தண்ணிக்குக் கீழ இருந்துச்சு. எனக்குத் தெரியல. நான் என் கையால குழாயத் திறந்து ஓடையில விட்டேன். கண் வச்சது யாருமில்ல. நான்தான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குழாய்க்கு வேற ஆளப் போடுங்க. ஆனா வேரத் தோண்டாதீங்க. உங்க கால்ல விழறேன், தோண்டாதீங்க."

கிளெர்வோ எழுந்தார். கூட்டம் தானாக வழிவிட்டது. நான் ஒரு அடி முன்னால் நகர்ந்தேன், அவர் கை ஓங்கினால் பிடிக்கலாம் என்று. அவர் மேசைக்கு வந்து, குனிந்து, மூக்கு ஜாடியில் முட்டுகிற மாதிரி பார்த்தார்.

"அடியில இருக்கே, இது என்னோடதா?"

"உங்களோடதுதான் மாமா. குழியில இருந்து அள்ளினேன். மீதி சேத்தோட போயிருச்சு."

"இது தண்ணியைவிடக் கனமா?"

"ஆமா மாமா."

"எவனோடதாவது இந்த மாதிரி முங்கியிருக்கா? இந்த மலையில?"

"நான் பாத்ததில்ல. இதுவரைக்கும் ஒருத்தரோடதும் இல்ல."

கிளெர்வோ நிமிர்ந்தார். ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, தலைக்குமேல் வெயிலில் பிடித்தார். குப்பி இரண்டும் உள்ளே ஆடி, திரும்பவும் தத்தம் கோட்டில் நின்றன. பக்கத்து வயல்காரனைத் தேடிக் கண்டுபிடித்து அவன் முன்னால் போய் நின்றார்.

"பாத்துக்கடா. உன்னோடது மெதக்கும். ஊருல எல்லாப் பயலோடதும் மெதக்கும். என்னோடது முங்கும்!"

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு இன்னொருத்தர். கிளெர்வோ சிரிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, அதை மறைக்கவும் இல்லை. மெரிலியாவிடம் திரும்பி வந்தார்.

"ரெண்டு கேலன் புள்ள. எட்டு மாசம். இதுக்கு உன்கிட்ட நான் பேச வேண்டியது நிறைய இருக்கு. ஒரு நாள் வச்சு, நல்லா, ஆசை தீரத் திட்டப் போறேன்."

"திட்டுங்க மாமா."

"இப்ப இல்ல. இவனுங்க வேரு எல்லாம் முத்தட்டும். முங்குற எண்ணெய் எப்படி இருக்கும்னு உன்ன விட்டா இங்க யாருக்குத் தெரியும்? வேற ஆளப் போடணுமாம்." மேசையைத் தட்டினார். "வாத்தியாரே, எழுதிக்குங்க. எவனாவது இப்ப மண்வெட்டிய எடுத்தான், என்கூட மோதிட்டுத்தான் சரிவுல கால் வைக்கணும்."

அவரோடு மோத யாருக்கும் தெம்பில்லை. ஒவ்வொருத்தராக மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஜாடியைச் சுற்றி வந்தார்கள். கனமான எண்ணெயை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். கிளெர்வோ தரவில்லை. மெரிலியா அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை அவளுக்கு நான் சொன்ன யோசனையை நினைத்து எனக்குக் கூசியது.